இருபது வருஷமாக நிறையாத செப்டிக் டேங்க்

"வீடு கட்டி இருபது வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு தடவைகூட லாரி கூப்பிடலை, டேங்க் நிறையவே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களைத் திண்டுக்கல்லில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். கட்டிக் கொடுத்த கொத்தனாருக்கும் அதில் பெருமைதான். ஆனால் ஒழுங்காகக் கட்டிய தொட்டி நிறைந்தே தீரும். நிறையவில்லை என்றால் அடியில் தளம் போடாமல் விட்டிருக்கிறார்கள். அல்லது மேலே ஒரு பைப் வைத்து, கசடோடு சேர்த்து எல்லாவற்றையும் தெருச் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டுமே தவறு.

செப்டிக் டேங்க் கழிவை அழிக்கும் இயந்திரம் அல்ல. கனமான கசடு அடியில் படியும், எண்ணெய்ப் பிசுக்கு மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் வெளியேறும். எவ்வளவு நீர் உள்ளே வருகிறதோ அவ்வளவு தினமும் வெளியே போகும். தெளிந்து வந்தாலும் அது சுத்தமான நீர் இல்லை. நோய்க் கிருமிகள் அதில் அப்படியே இருக்கும். அதனால்தான் அதை உறிஞ்சுகுழிக்கு விட வேண்டும், மழைநீர் வாய்க்காலுக்கு விடக் கூடாது என்கிறார்கள். அடியில் சேரும் கசடோ ஆண்டுக்கு ஆண்டு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை எடுத்தாக வேண்டும். தமிழக அரசு 2014 செப்டம்பரில் வெளியிட்ட கழிவுக்கசடு மேலாண்மை வழிகாட்டி நெறிமுறைகளும் இதையே சொல்கின்றன. ஆசிட், பினாயிலை ஊற்றினால் டேங்க் 'சுத்தமாகும்' என்பது வீண் நம்பிக்கை. கசடை மட்கவைக்கும் நுண்ணுயிர்கள்தான் அதில் சாகும்.

உறிஞ்சுகுழி குடிநீர்க் கிணற்றிலிருந்து குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய அறுபது அடி, தள்ளி இருக்க வேண்டும் என்பது தேசியக் கட்டட நெறித்தொகுப்பு சொல்லும் அளவு. மூன்று சென்ட் மனையில் அறுபது அடிக்கு எங்கே போவது? நம் போர் வீட்டுக்கு முன்னால், நம் டேங்க் பின்னால் என்று கணக்குப் போட்டுக் கட்டுகிறோம். பின்வீட்டுக்காரரின் போர் நம் டேங்கை ஒட்டி இருப்பது கணக்கில் வருவதே இல்லை.

திண்டுக்கல் சமவெளியில் இன்னொரு சிக்கலும் உண்டு. மலைக்கோட்டையைப் பார்த்தாலே தெரியும், இது பாறை பூமி. மண் சில அடிதான். அதற்குக் கீழே வெடிப்பு விட்ட பாறை. மணற்பாங்கான நிலத்தில் கழிவுநீர் மெல்ல ஊறும்போது மண் வடிகட்டிக்கொள்ளும். பாறை வெடிப்பில் அந்த வடிகட்டல் நடக்காது. நீர் நெடுந்தூரம் அப்படியே ஓடிவிடும். வெடிப்புள்ள பாறையில் உறிஞ்சுகுழி பரிந்துரைக்கத் தக்கதல்ல என்று அதே நெறித்தொகுப்பு எச்சரிக்கிறது. நம் ஊரில் அறுபது அடி இருந்தாலும் அதை நம்பி உட்கார்ந்துவிட முடியாது. போர் தண்ணீரைக் குடிக்கும் வீட்டார் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் பரிசோதித்துக்கொள்வது நல்லது. நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அது மிகுந்தால் கைக்குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மலக்கிருமி நூறு மில்லியில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கிறது என்பது சான்றாகாது.

நிலத்தடி நீர் கெட்டால் என்ன ஆகும் என்று திண்டுக்கல்லுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் ஷாப்களின் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தந்த வேலூர் மக்கள் நல மன்ற வழக்கின் தீர்ப்பில், ஷாப்காரர்களை அபராதம் கட்டச் சொன்ன ஐந்து மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. மாசுபடுத்துபவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்பு அது. ஆலைக்காரரிடம் கேட்ட நியாயத்தை நம் வீட்டு பைப்புக்கு மட்டும் விலக்கிவைப்பது எப்படி? ஓடையிலோ கிணற்றிலோ நிலத்திலோ மாசு கலக்கும் பொருளை விடக் கூடாது என்னும் 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு வீட்டுக்காரர், ஆலைக்காரர் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பொது நீர்நிலையை வேண்டுமென்றே கெடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா 279-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

லாரிக்கு வருவோம். உறிஞ்சி எடுத்ததை இருட்டில் ஓடையிலோ குளத்திலோ திறந்துவிட்டுப் போவது தமிழகமெங்கும் உள்ள பழைய நோய். இதற்காகவே 2022-இல் நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் திருத்தப்பட்டது. கழிவுநீர் லாரிக்கு உள்ளாட்சியின் உரிமம் வேண்டும். கட்டணம் 2,000 ரூபாய், இரண்டு ஆண்டு செல்லும். ஜி.பி.எஸ். கருவி இருக்க வேண்டும். குறித்த சுத்திகரிப்பு நிலையத்தில்தான் கொட்ட வேண்டும். மீறினால் முதல் முறை 25,000 ரூபாய், அடுத்த முறை 50,000 ரூபாய் அபராதம். ஆகவே விலை பேசும்போதே உரிமத்தைக் காட்டச் சொல்லுங்கள், எங்கே கொட்டுவீர்கள் என்று கேளுங்கள். மற்றவரைவிடப் பாதி விலைக்கு வருகிறேன் என்பவர், சுத்திகரிப்பு நிலையம்வரை போகும் டீசலை மிச்சம் பிடிக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

அடியில் இறுகிய கசடை அள்ள ஆளை இறக்குவது பெருங்குற்றம். தொட்டிக்குள் தேங்கும் விஷவாயு ஓரிரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து சாகிறார். பாதுகாப்புக் கருவியின்றி ஒருவரை இறக்கினால், நேரடியாகவோ ஒப்பந்தக்காரர் மூலமாகவோ, 2013-ஆம் ஆண்டு கையால் கழிவகற்றல் தடைச் சட்டப்படி முதல் முறைக்கே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் இது. "அவராகத்தான் இறங்கினார்" என்று சொல்லித் தப்ப முடியும் என்று நினைக்க வேண்டாம். உயிர் போனால் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உத்தரவிட்டது.

பக்கத்து வீட்டுக் கழிவு உங்கள் வாசலில் ஓடினால் முதலில் வீட்டுக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் இருநூறு ரூபாய் பைப்பும் ஒரு கொத்தனாரும் போதும். கேட்கவில்லை என்றால் மாநகராட்சி ஆணையருக்கு, கிராமமானால் ஊராட்சிக்கு, எழுத்து மூலம் புகார் கொடுங்கள். முதல்வரின் உதவி மையம் 1100. கழிவுநீர்த் தொட்டி தொடர்பான உதவிக்கு 14420. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மனு நாள். மார்ச் 22 கிராம சபையில் தண்ணீரைப் பற்றியே பேசலாம்.

அதிகம் பேர் அறியாத வழி கோட்டாட்சியர். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152-ஆம் பிரிவின்படி, பொதுத்தொல்லையை நீக்கச் சொல்லி அவர் உத்தரவிடலாம். இதன் முந்தைய வடிவத்தை வைத்துத்தான் மத்தியப் பிரதேசத்தின் ரத்லாம் ஊர் மக்கள் தெருச் சாக்கடைக்காக நகராட்சியோடு போராடினார்கள். பணமில்லை என்ற நகராட்சியின் சாக்கை 1980-இல் உச்ச நீதிமன்ற நீதிபதி கிருஷ்ணய்யர் ஏற்கவில்லை. ஆகவே உள்ளாட்சி கைவிரித்தாலும் நீங்கள் ஓய வேண்டாம்.

புகாரில் தேதி, நேரம், இடம், லாரியின் எண், புகைப்படம் இருக்கட்டும். ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். சென்னையில் உள்ள பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்கு வழக்கைக் கொண்டுபோக, பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து பொதுவாக ஆறு மாதம்தான் அவகாசம்.