பொம்மைப் பட்டியலில் சிக்கிய போர்க்களம்

புது தில்லி: ஓர் அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உயரமுள்ள பிளாஸ்டிக் போர் வீரன். அவனைப் பகுதி பகுதியாக ஒட்டி, நுண்ணிய தூரிகையால் வண்ணம் தீட்டி, மேஜை மீது நிறுத்தி விளையாடுவோரில் பெரும்பாலோர் வளர்ந்தவர்கள். ஆனால், நமது சுங்க வரி அட்டவணையில் அவனுக்குரிய இடம் குழந்தைகள் ஓட்டும் மூன்று சக்கர வண்டிக்கும் பொம்மைக்கும் பக்கத்தில்தான். அந்த இடமே இந்தியாவில் இந்தப் பொழுதுபோக்கின் விலையையும் எதிர்காலத்தையும் தீர்மானித்து வருகிறது.

அறிவியல் புனைகதையைப் பின்னணியாகக் கொண்ட இத்தகைய போர் விளையாட்டுகளில் மிகவும் புகழ்பெற்றது 'வார்ஹேமர் 40,000'. பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் 1987-ம் ஆண்டில் இதை வெளியிட்டது. பல்லாயிரம் ஆண்டுகளுக்குப் பிந்தைய விண்வெளிப் பேரரசு, அதை எதிர்க்கும் வேற்றுக்கிரகவாசிகள், முடிவில்லாத யுத்தம் ஆகியவையே இதன் கதைக்களம். தில்லி, மும்பை, பெங்களூர் போன்ற பெருநகரங்களில் சிறு குழுக்களாகக் கூடி இதை விளையாடுவோர் உள்ளனர்.

எப்படி விளையாடுகின்றனர்?

உருவங்கள் பெட்டியில் முழுமையாக வருவதில்லை. பிளாஸ்டிக் சட்டங்களில் கையும் காலும் தலையும் தனித்தனியே இருக்கும். அவற்றை வெட்டி எடுத்து, ஒட்டி, வண்ணம் பூசுவது ஆட்டக்காரரின் பொறுப்பு. ஒரு படையை முழுமையாகத் தயாரிக்கப் பல மாதங்கள் ஆகும். விளையாட்டின் பாதி இன்பமே இதில்தான் உள்ளது என்று கருதுவோர் பலர்.

ஒவ்வொரு வீரனுக்கும், வாகனத்துக்கும் அதன் வலிமைக்கேற்ப மதிப்பெண் உண்டு. இரு தரப்பினரும் சமமான மொத்த மதிப்பெண்ணுக்குள் தங்கள் படையைத் தேர்ந்தெடுக்கின்றனர். சதுரங்கப் பலகையைப் போல இதில் கட்டங்கள் கிடையாது. எவ்வளவு தூரம் நகரலாம், எவ்வளவு தூரம் சுடலாம் என்பதை அங்குலக் கணக்கில் அளவு நாடாவால் அளக்கின்றனர். குறி பட்டதா, காயம் ஏற்பட்டதா, கவசம் காத்ததா என்பதை ஆறு முகப் பகடைகள் முடிவு செய்கின்றன. திட்டமிடும் திறனும் அதிர்ஷ்டமும் கலந்த ஆட்டம் இது.

வரியும் தரக் கட்டுப்பாடும்

பொம்மைகள், அளவில் சுருக்கப்பட்ட மாதிரிகள், புதிர்கள் ஆகிய அனைத்தும் சுங்க வரி அட்டவணையில் '9503' என்ற ஒரே தலைப்பின் கீழ் வருகின்றன. இத்தலைப்புக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020-ம் ஆண்டு மத்திய பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக உயர்த்தப்பட்டது. 2023-ம் ஆண்டு பட்ஜெட்டில் அது 70 சதவீதமானது. இதனால் வெளிநாட்டு மாதிரி உருவங்களைத் தருவித்து விற்க விரும்பும் சிறு வணிகர்களின் செலவு பெருமளவில் கூடியது.

அரசின் நடவடிக்கைக்கு வலுவான காரணம் இருந்தது. தில்லி மற்றும் சுற்றுவட்டாரச் சந்தைகளில் வாங்கப்பட்ட பொம்மைகளை இந்தியத் தரக் குழுமம் 2019-ம் ஆண்டில் பரிசோதித்தபோது, சுமார் 67 சதவீதம் பாதுகாப்புச் சோதனையில் தோல்வியடைந்தன. குழந்தை வாயில் வைக்கும் பொருளில் நச்சு ரசாயனம் இருக்கக் கூடாது என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. இதையடுத்து, பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணை 2021-ம் ஆண்டு ஜனவரி 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது.

விளைவு உடனடியாகத் தெரிந்தது. மத்திய அரசின் புள்ளிவிவரப்படி, '9503' தலைப்பிலான இறக்குமதி 2018-19-ல் 30.4 கோடி டாலராக இருந்தது. 2021-22-ல் அது 3.6 கோடி டாலராகச் சரிந்தது. உள்நாட்டுப் பொம்மைத் தொழிலுக்கு இது பெரும் ஊக்கம் அளித்தது.

ஆனால், 14 வயதுக்கு உள்பட்ட குழந்தைகள் விளையாடுவதற்கென வடிவமைக்கப்பட்டவையே பொம்மைகள் என்று தரக் கட்டுப்பாட்டு ஆணை வரையறுக்கிறது. சுங்க வரித் தலைப்போ வயதைப் பார்ப்பதில்லை. வளர்ந்தவர்கள் கத்தியும் பசையும் கொண்டு உருவாக்கும் மாதிரியும், தவழும் குழந்தையின் கிலுகிலுப்பையும் வரி விதிப்பில் ஒன்றாகிவிடுகின்றன.

தாய்வீடு இந்தியா

இந்த ஆட்டத்தின் வம்சாவளியைத் தேடிச் சென்றால் அது இந்தியாவில் வந்து முடிகிறது என்பது சுவையான செய்தி. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய சதுரங்கம், பாரசீகம் வழியாக ஐரோப்பா சென்று செஸ் ஆனது. ஜெர்மனியின் பிரன்ஸ்விக் நகரில் ஹெல்விக் என்பவர் 1780-ம் ஆண்டில் செஸ் ஆட்டத்தை விரிவாக்கி ஒரு போர் விளையாட்டை அமைத்தார். 1824-ம் ஆண்டில் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி உருவாக்கிய வரைபட ஆட்டத்தை அந்நாட்டு ராணுவம் பயிற்சிக்கே ஏற்றுக்கொண்டது. அறிவியல் புனைகதை முன்னோடியான எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களைக் கொண்டு ஆடும் விதிகளை 1913-ம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அந்த வரிசையில் வந்ததே இன்றைய விண்வெளிப் போர் விளையாட்டு.

போர் விளையாட்டின் பயனை நமது ராணுவமும் உணர்ந்தே உள்ளது. செயற்கை நுண்ணறிவுடன் கூடிய கம்ப்யூட்டர் போர் விளையாட்டு மையத்தைத் தில்லியில் உருவாக்க, ராணுவப் பயிற்சிக் கட்டளையகமும் ராஷ்ட்ரீய ரக்‌ஷா பல்கலைக்கழகமும் 2022-ம் ஆண்டு மே மாதம் ஒப்பந்தம் செய்துகொண்டன. தளபதிகளுக்குப் பயிற்சியாக மதிக்கப்படும் ஒன்று, குடிமக்களின் மேஜைக்கு வரும்போது பொம்மையாகிவிடுகிறது.

வழி இருக்கிறது

வெளிநாட்டுப் பெட்டி எட்டாத விலைக்குச் சென்றால், உள்ளூரிலேயே உருவங்களைத் தயாரிக்கலாமே என்ற கேள்வி எழுவது இயல்பு. ரெசின் என்ற திரவப் பிசினை ஒளியால் இறுகச் செய்து உருவங்களை வார்க்கும் முப்பரிமாண அச்சு இயந்திரங்கள் இன்று ஒரு சிறிய அறைக்குள் அடங்கிவிடுகின்றன. பிற நிறுவனங்களின் உருவங்களை நகலெடுக்காமல், சொந்தக் கற்பனையில் வடிவமைக்கும் இளைஞர்களுக்கு இதில் தொழில் வாய்ப்பும் உண்டு. சென்னபட்டணா, கொண்டபள்ளி, தஞ்சாவூர் எனப் பொம்மைக்கும் வண்ணத்துக்கும் பெயர்பெற்ற ஊர்கள் நிறைந்த நாட்டில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை.

எனினும், விளையாடக் கற்றுக்கொள்பவர் முதலில் வாங்குவது ஏற்கெனவே புகழ்பெற்ற ஆட்டத்தின் பெட்டியைத்தான். ஆட்டக்காரர்கள் பெருகினால்தான் உள்நாட்டு உருவங்களுக்கும் சந்தை உருவாகும். நுழைவாயிலை அடைத்துவிட்டு உள்ளே கூட்டத்தை எதிர்பார்க்க முடியாது.

விதிவிலக்கு அளிப்பது அரசுக்குப் புதிதல்ல. பதிவு பெற்ற கைவினைஞர்களின் பொம்மைகளுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் தரக் கட்டுப்பாட்டு ஆணையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. 2023-ம் ஆண்டு வரி உயர்விலிருந்து மின்னணுப் பொம்மைகளின் உதிரி பாகங்கள் விலக்கி வைக்கப்பட்டன. 14 வயதுக்கு மேற்பட்டோருக்கான மாதிரி உருவங்களையும் இதுபோல் தனியே பிரித்து, அவற்றுக்கு மிதமான வரி விதிப்பதால் குழந்தைகளின் பாதுகாப்புக்கு எந்தக் குறையும் நேராது. சதுரங்கத்தை உலகுக்கு அளித்த நாட்டில், அதன் வழித்தோன்றல் ஒன்று மேஜைக்கு வந்து சேர அட்டவணையில் ஒரு தனி வரி போதும்.