கைக்குழந்தையுடன் மன்னாரில் ஒரு வாரம்

வெளிநாடுகளில் வாழும் நம்மவர்களும் கொழும்பில் நிலைத்துவிட்ட குடும்பங்களும் வீட்டில் குழந்தை பிறந்ததும் முதலில் எண்ணுவது ஊருக்குப் போய்வருவது பற்றியே. பூட்டப்பிள்ளையைக் கண்ணால் காண வேண்டுமென்று வயோதிபத் தாயொருவர் காத்திருப்பார். மடு மாதாவுக்கோ திருக்கேதீச்சரப் பெருமானுக்கோ வைத்த நேர்த்தியும் காத்திருக்கும். 1990ஆம் ஆண்டிலும் அதன் பின்னரும் மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் சென்றவர்களுள் தாயின் மடியில் கைக்குழந்தைகளாக இருந்தோர் பலர். அவர்களே இன்று தம் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு அதே கரைக்கு வருகின்றனர். ஆகவே இதனை வெறும் உல்லாசப் பயணமென்று தள்ளிவிட முடியாது. எனினும் பாசத்தினதும் நேர்த்தியினதும் வேகத்தில், பயணத்தின் மிகச் சிறிய பயணியின் நிலை மறக்கப்பட்டுவிடுகின்றது என்பதே நமது கவலையாகும்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது எங்கே போவது என்பதல்ல, எப்போது போவது என்பதே. புலம்பெயர் குடும்பங்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணியிலேயே வருகின்றன. ஐரோப்பியப் பாடசாலைகளின் விடுமுறை அதற்கு ஒரு காரணம். ஓகஸ்ட் 6ஆம் திகதி கொடியேறி 15ஆம் திகதி நிறைவுறும் மடுத் திருவிழா மற்றொரு காரணம். ஆனால் மன்னாரில் அது கடும் வரட்சியும் சோளகக் காற்றும் கூடிய காலம். தீவின் மணல் காற்றோடு எழுந்து கண்ணிலும் மூக்கிலும் படியும். பாடசாலை செல்லும் மூத்த பிள்ளைகள் இல்லாத வீட்டினர் விடுமுறைக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. மாரி மழை ஓய்ந்த தை, மாசி மாதங்களில் வெயில் தணிந்திருக்கும். தள்ளாடிக்கும் மன்னார் நகருக்கும் இடையிலான பாலத்து வீதியின் இரு புறமும் பூநாரைகள் இறங்கும் காலமும் அதுவே. வங்காலைப் பறவைகள் சரணாலயம் 2010ஆம் ஆண்டில் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. குழந்தை தூங்கிக்கொண்டிருக்கையில் வாகனத்தை விட்டு இறங்காமலே பார்த்துவிடக்கூடிய காட்சி அது.

கொழும்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தை ஒரே மூச்சில் கடக்க முயல்வது பெருந்தவறு. அநுராதபுரத்தில் ஓர் இரவு தங்கிச் செல்வது செலவானாலும் வீணல்ல. 2015 மார்ச்சில் தலைமன்னார் வரை மீண்டும் ஓடத் தொடங்கிய புகையிரதம், தாய் எழுந்து நடக்கவும் பாலூட்டவும் வசதியானதுதான். ஆயினும் பாதைத் திருத்த வேலைகளாலும், 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலாலும் சேவைகள் தடைப்பட்டதுண்டு. எனவே சேவை நடைபெறுகின்றதா என்பதை உறுதிசெய்த பின்னரே அதை நம்ப வேண்டும். வாடகை வான்களில் குழந்தைக்கான ஆசனம் இருப்பது அரிது. வெளிநாட்டிலிருந்து வருவோர் அதனைக் கூடவே கொண்டுவருவது நன்று. தள்ளுவண்டியை வேண்டுமானால் விட்டுவரலாம். இத்தாலியின் பலேர்மோ நகரில் வாழும் நமது மக்கள், சைவரும் கத்தோலிக்கரும் சேர்ந்தே, புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்கு மலையேறுகின்றனர். அந்நகரின் தெருக்களில் உருளும் வண்டி மன்னார் மணலில் இரண்டடி கூடச் செல்லாது. பழைய சேலையொன்றே இங்கு மேலான துணை. தூக்கவும் போர்த்தவும் உதவும், மரக்கிளை கண்ட இடத்தில் ஏணையுமாகும்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. குழந்தையின் எடையோடு ஒப்பிடுகையில் அதன் தோற்பரப்பு அதிகம். வியர்த்து உடலைத் தணித்துக்கொள்ளும் ஆற்றலோ குறைவு. தாகம் என்று சொல்லவும் அதற்குத் தெரியாது. இதனால் உடல் நீர் விரைவில் குறைகின்றது. இவ்விடத்தில் நமது பெரியோர் இழைக்கும் தவறொன்றைச் சுட்டிக்காட்டல் தகும். வெயிலைக் கண்டதும் நான்கு மாதக் குழந்தைக்கும் கொத்தமல்லித் தண்ணீர், இளநீர் என்று பருக்கத் தொடங்கிவிடுகின்றனர். ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதுமானது, வெப்பநாட்டிலும் தனியே தண்ணீர் வேண்டியதில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அடிக்கடி பாலூட்டுவதும், தாய் நிறைய நீர் அருந்துவதுமே செய்ய வேண்டியவை. பால்மா கொடுக்கும் தாய்மார் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தீவின் கிணறுகள் பலவற்றில் நீர் உவர்ப்பானது. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், உப்புப் போகாது. ஆதலால் நல்ல நீர் எங்கே கிடைக்கும் என்பதை விடுதி பேசும்போதே கேட்டுவிட வேண்டும்.

தங்குமிடத்தை ஏழு நாளும் மாற்றாதிருத்தல் உத்தமம். மன்னார் நகரமே இதற்கு ஏற்றது. மாவட்டப் பொது வைத்தியசாலை அங்குள்ளது, மற்ற இடங்களுக்குக் காலையில் சென்று மதியத்துக்குள் திரும்பிவிடலாம். நாளொன்றுக்கு ஓரிடம், அதுவும் காலை ஒன்பது மணிக்கு முன்னரோ மாலை நான்கு மணிக்குப் பின்னரோ என்று வகுத்துக்கொண்டால் குழந்தையும் தாளும், தாயும் தாளுவாள். பள்ளிமுனையில் நிற்கும் பெருக்கமரத்தின் பருத்த அடியருகே ஒரு மாலை. 1560இல் போர்த்துக்கேயர் கட்டி 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்கு ஒரு மாலை. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்திற்கு விடியற்காலையே உகந்தது. 2022 ஜூலையில் குடமுழுக்குக் கண்ட அக்கோயிலின் கருங்கல் மண்டபம் குளிர்ச்சியானது. சிவராத்திரி நெரிசலை மட்டும் தவிர்த்துக்கொள்ளலாம். அரிப்பில் ஆளுநர் நோர்த் கட்டுவித்த டொரிக் மாளிகையின் இடிபாடுகளும் தலைமன்னாருக்கு அப்பாலுள்ள மணற்றிட்டுகளும் பார்க்கத் தக்கவையே. ஆனால் ஒன்று நிழலற்ற வெட்டவெளி, மற்றொன்றுக்குப் படகேற வேண்டும். குழந்தை வளர்ந்த பின் அவை எங்கும் போய்விடா.

மடுவைப் பற்றியே பலரும் நம்மிடம் வினவுகின்றனர். திருவிழாவுக்கு இலட்சக்கணக்கானோர் கூடும் அக்காட்டுத் தலத்தில் கூடாரமடித்துப் பத்து நாள் தங்கும் மரபு போற்றத்தக்கது. போர்க்காலத்தில் அம்மரங்களின் கீழ் ஆயிரமாயிரம் அகதிக் குழந்தைகள் வளர்ந்தார்கள் என்பதையும் மறப்பதற்கில்லை. ஆனால் அன்று வேறு வழியில்லை, இன்று உண்டு. ஆறு மாதம் நிரம்பாத குழந்தையுடன் அந்த நெரிசலிலும் தூசியிலும் தங்குவதை நாம் ஆதரிக்கமாட்டோம். திருவிழா அல்லாத வாரநாளொன்றின் காலையில் சென்றால் சுருவத்தின் முன் அமைதியாக நின்று குழந்தையை ஒப்புக்கொடுத்துத் திரும்பலாம். மடு மண்ணை வீட்டுக்குக் கொண்டுவருதல் பழைய வழக்கம். அதைக் குழந்தையின் வாயில் வைப்பது மட்டும் வேண்டாம்.

நோய்த்தடுப்பு விடயத்திலும் அலட்சியம் கூடாது. இலங்கை மலேரியா ஒழிந்த நாடென 2016 செப்டெம்பரில் சான்றுபெற்றது. அதே ஆண்டின் இறுதியில்தான் அனோபிலிஸ் ஸ்டீபன்சி எனும் புதுவகை மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. டெங்கு நுளம்போ பகலிற் கடிப்பது. ஆகவே பகல் தூக்கத்திற்கும் நுளம்பு வலை வேண்டும். தடுப்பூசிகளின் பதிவேட்டைக் கையோடு கொண்டுசெல்ல வேண்டும். வயிற்றோட்டம் கண்டால் பாலை நிறுத்தாமல், ஜீவனி கொடுப்பது குறித்து வைத்தியரைக் கேட்க வேண்டும். சிறுநீர் குறைதல், உச்சிக்குழி பதிதல், அழும்போது கண்ணீர் வராமை, சோர்ந்து கிடத்தல் ஆகியன காத்திருக்கலாகாத அறிகுறிகள். மூன்று மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் கண்டால் கைவைத்தியத்தில் நேரம் போக்காது வைத்தியசாலைக்கு விரைய வேண்டும். 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும்.

இவ்வளவும் பெற்றோர் தலையில் மட்டும் சுமத்தப்பட வேண்டியவையல்ல. பஸ் நிலையங்களிலும் வழிபாட்டுத் தலங்களிலும் ஒரு மறைப்பும், ஒரு வாங்கும், கை கழுவ நீரும் உள்ள பாலூட்டும் அறை அமைப்பதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. உள்ளூராட்சி மன்றங்களும் ஆலய பரிபாலனத்தினரும் இதனைக் கவனத்திற் கொள்வார்களா?

ஏழு நாட்களில் ஒன்றை எதுவும் எழுதாமல் விட்டுவைக்குமாறும் கூறுவோம். குழந்தைக்கு உடல் சரியில்லையெனில் அந்நாள் அதற்கு. சுகமாயிருப்பின் அந்நாள் முழுவதும் பூட்டியின் வீட்டு விறாந்தையில் ஏணை ஆடட்டும். விமானமேறுவோர் புறப்படும் நாளன்று மன்னாரிலிருந்து ஓடாமல், முதல் நாளே கட்டுநாயக்க அருகில் வந்து தங்கிவிடுவது நல்லது.