பழைய பைக் மைலேஜ் குறைஞ்சிடுச்சா? இ.எம்.ஐ. போடுறதுக்கு முன்னாடி ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்க

நீங்க திருக்காட்டுப்பள்ளியில இருந்து தினமும் தஞ்சாவூருக்கு பைக்ல வேலைக்குப் போறீங்கன்னு வைங்க. போக வர சுமார் 50 கி.மீ., மாசம் 25 நாள், ஆக 1,250 கி.மீ. லிட்டருக்கு 60 கொடுக்கிற வண்டின்னா மாசம் 21 லிட்டர் போதும். அதே வண்டி 50க்கு இறங்கிட்டா 25 லிட்டர். பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சாலும் மாசம் 400 ரூபாய்க்கு மேல, வருஷத்துக்கு 5,000 ரூபாய் சத்தமில்லாம போகுது.

ஆனா எனக்குக் கவலை இந்த 400 ரூபாய் இல்லை. "வண்டி பழசாயிடுச்சு, மாத்திடலாம்"னு அடுத்து வர்ற யோசனைதான். 80,000 ரூபாய் கடன், 3 வருஷம், "பத்து பர்சென்ட்தான் சார்" என்பார்கள். அது ஃப்ளாட் வட்டியா இருந்தா மொத்த வட்டி 24,000, மாசத் தவணை சுமார் 2,890 ரூபாய். அசல் குறையக் குறைய வட்டி போடுற முறையில பார்த்தா, அது ஏறக்குறைய 18 சதவீதம்! மாசம் 400 ரூபாய் ஒழுகுறதை அடைக்க 2,890 ரூபாயா? முதல்ல எங்கே ஒழுகுதுன்னு பார்ப்போம்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதி வந்ததும் பெரும்பாலான பைக்குகள் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. அதுக்கு முன்னாடி வாங்கின, அப்பாகிட்ட இருந்து உங்க கைக்கு வந்த ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா, ஷைன் எல்லாம் பெரும்பாலும் கார்புரேட்டர் வண்டிதான். கார்புரேட்டரோட வேலை, உள்ளே போற காத்துல சரியான அளவு பெட்ரோலைக் கலக்குறது. ஏறக்குறைய 15 பங்கு எடை காத்துக்கு 1 பங்கு பெட்ரோல். காத்து வர்ற வழி அடைச்சா பெட்ரோல் பங்கு கூடிடும். மைலேஜ் அங்கேதான் போகுது.

நம்ம ஊர்ல அந்த வழி சீக்கிரம் அடைக்கும். குறுவை அறுப்பு, அப்புறம் தை, மாசியில சம்பா அறுப்பு. அறுவடை மிஷின் கிளப்புற தூசு, ரோட்டுல காயுற நெல்லோட சுணை, பதர் எல்லாம் சேர்ந்து ஃபில்டர்ல ஒட்டிக்கும். மேனுவல்ல போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்கு சாதாரண ரோட்டுக்கு. தூசு அதிகமுள்ள இடத்துல முன்னாடியே மாத்தணும்னு அதுலயே இருக்கும். அறுப்பு முடிஞ்சதும் ஒரு தடவை திறந்து பாருங்க. ஸ்பாஞ்ச் ஃபில்டர்னா சோப்புத் தண்ணியில அலசி, நிழல்ல காய வச்சு, லேசா ஆயில் தொட்டுப் பிழிஞ்சு போடலாம். பேப்பர் ஃபில்டரைக் கழுவவே கூடாது. எண்ணெய்ப் பசை உள்ள பேப்பரா இருந்தா காத்து அடிக்கவும் கூடாது, மாத்துறதுதான் வழி. சில நூறு ரூபாய் வேலை. "ஃபில்டர் இல்லாம ஓட்டினா பிக்கப் நல்லா இருக்கு"ன்னு சொல்ற நண்பர் எல்லா ஊர்லயும் ஒருத்தர் இருப்பார். கேட்காதீங்க. மண் துகள் உள்ளே போனா பிஸ்டன் ரிங்கும் போரும் தேயும், செலவு ஆயிரக்கணக்கில் நிற்கும்.

ஃபில்டரைப் பார்க்காம கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகுறதுதான் நிறைய இடத்துல நடக்குது. அடைச்ச ஃபில்டருக்கு ஏத்த மாதிரி ட்யூன் பண்ணிட்டு, பிறகு புது ஃபில்டர் போட்டா அந்த ட்யூனிங்கே தப்பாயிடும். அதனால ஃபில்டர் முதல்ல, ட்யூனிங் கடைசியில.

அடுத்து ஸ்பார்க் ப்ளக்கைக் கழட்டிப் பாருங்க. முனை வெளிர் பழுப்பா இருந்தா கலவை சரி. கரி படிஞ்சு கறுப்பா இருந்தா பெட்ரோல் அதிகம். சோக் முழுசா மூடாம இருக்கலாம், ஃப்ளோட் நீடில் தேஞ்சிருக்கலாம். வண்டி நிற்கும்போது கார்புரேட்டர் அடியில இருக்கிற டியூப்ல பெட்ரோல் சொட்டினா நீடில்தான்னு சந்தேகப்படுங்க. வெள்ளையா இருந்தா பெட்ரோல் போதலை. சோக் போட்டா ஓடுது, எடுத்தா ஐடில்ல ஆஃப் ஆகுதுன்னா பெரும்பாலும் பைலட் ஜெட் அடைப்பு. அதோட துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தினா பித்தளை விரிஞ்சு, நிரந்தரமா பெட்ரோல் குடிக்கும். கார்ப் க்ளீனர் ஸ்ப்ரேயும் காத்தும் மட்டும்தான்னு மெக்கானிக்கிட்ட வேலைக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

இப்போ பெட்ரோல்ல 20 சதவீதம் வரை எத்தனால் கலக்குறாங்க. எத்தனாலுக்கு சக்தி குறைவு, அதனால லிட்டருக்கு ரெண்டு மூணு கி.மீ. குறைஞ்சா பெட்ரோலே காரணமா இருக்கலாம். பத்து குறைஞ்சா வண்டியைத்தான் பார்க்கணும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர் பாகங்களையும் கெடுக்கும். வாரக்கணக்கில் வண்டியை எடுக்கப் போறதில்லைன்னா பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டர் அடியில இருக்கிற ட்ரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தை வடிச்சிடுங்க. இன்ஜின் ஆறின பிறகு, திறந்த இடத்துல, பக்கத்துல நெருப்பு இல்லாம.

வேலை முடிஞ்சதும் டேங்கை நிரப்பி, ஓடோமீட்டரைக் குறிச்சு, 200 கி.மீ. ஓட்டிட்டு அதே பங்க்ல மறுபடி அதே மட்டத்துக்கு நிரப்புங்க. ஓடின கிலோமீட்டரைப் போட்ட லிட்டரால வகுத்தா உண்மையான மைலேஜ் வந்துடும். செயின் இறுக்கம், பிரேக் பிடிச்சிருக்கிறது, டயர் காத்து எல்லாம் சரியா இருந்தும் ஏறலையா? சைலன்ஸர்ல நீலப் புகை வந்து, இன்ஜின் ஆயிலும் குறைஞ்சுக்கிட்டே போகுதா? அப்போ இது கார்புரேட்டர் விஷயம் இல்லை, இன்ஜின் வேலை. அதுக்கு ரெண்டு மெக்கானிக்கிட்ட எஸ்டிமேட் வாங்கி, வண்டியோட இன்றைய விலையோட ஒப்பிட்டுப் பாருங்க. வேலைச் செலவு அந்த விலையில பாதியைத் தாண்டினா, அப்போ புது வண்டியைப் பத்திப் பேசலாம்.