நீர் காத்த தேவாலயம்

துருக்கியில் உள்ள இஸ்னிக் ஏரியைப் பற்றி இன்று பார்ப்போம். 2014-ஆம் ஆண்டு வானிலிருந்து எடுத்த படங்களில், கரையிலிருந்து சுமார் 20 மீட்டர் தூரத்தில், நீருக்கடியில் ஒரு பழைய தேவாலயத்தின் சுவர்க்கோடுகள் தெரிந்தன. அப்போது அங்கே ஆழம் 2 மீட்டர் அளவுதான். இவ்வூரின் பழைய பெயர் நைசியா. கி.பி. 325-இல் கிறிஸ்துவத் திருச்சபையின் முதல் பொதுச்சங்கம் கூடிய ஊர் இது. தேவாலயம் 4-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்து, 740-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் இடிந்ததாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

"இவ்வளவு குறைந்த ஆழத்திற்குக் காற்றுக்கலன் எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். மூச்சடக்கி மூழ்குபவர் சீக்கிரமே மேலே வந்தாக வேண்டும். கற்களை அளந்து வரையவோ நெடுநேரம் தேவை. ஆழம் குறைவு என்பதால், உடலில் நைட்ரஜன் சேரும் தொல்லை இங்கே பெரிதில்லை.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. கலனிலிருந்து இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அந்தக் காற்று விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஓரிரு மீட்டர் ஏற்றமே அதற்குப் போதும். காலில் மாட்டிய துடுப்பு சேற்றைக் கலக்கினால், கண்ணெதிரே இருக்கும் சுவரும் தெரியாது.

அண்மைய ஆண்டுகளில் ஏரிநீர் வடிந்து, இடிபாடுகள் வெளியே வந்துவிட்டன. 2025 நவம்பரில் போப் பதினான்காம் லியோ அவற்றின் அருகே நின்று பிரார்த்தனை செய்தார். நீர் மூடியிருந்தவரை வெயிலும் மனிதர் காலடியும் அச்சுவர்களைத் தீண்டவில்லை. இனி அவற்றைக் காப்பது நம் பொறுப்பு. முக்குளிப்பவருக்குச் சொல்லும் விதி, கரையில் நிற்பவருக்கும் பொருந்தும்: பாருங்கள், தொடாதீர்கள்.