இணையச் சேவையகத்தில் பல வரிமொழிமாற்றிகளும் நிரல்கூறுகளை முன்கூட்டியே ஏற்றுதலும்

ஆய்வுச் சுருக்கம்

அப்பாச்சி இணையச் சேவையகத்தில் மாட்-டபிள்யூஎஸ்ஜிஐ வழியாகப் பைத்தான் பயன்பாடுகளை இயக்கும்போது, ஒரே செயல்முறைக்குள் பல வரிமொழிமாற்றிகள் உருவாகக்கூடும். நிரல்கூறுகளை முன்கூட்டியே ஏற்றுவதன் பயன், அவை எந்தச் செயல்முறையில், எந்த வரிமொழிமாற்றியில் ஏற்றப்படுகின்றன என்பதையே சார்ந்துள்ளது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அப்பாச்சி, பைத்தான், வரிமொழிமாற்றி, நிரல்கூறு, செயல்முறை

முன்னுரை

இண்டர்பிரிட்டர் எனப்படும் வரிமொழிமாற்றி, நிரலைப் படித்து இயக்கும் மென்பொருளாகும். மாட்-டபிள்யூஎஸ்ஜிஐயின் இயல்பான அமைப்பில், ஒரு பயன்பாட்டின் நிரல் அதற்கான முதல் கோரிக்கை வந்த பின்னரே ஏற்றப்படுகிறது. பெரிய நூலகங்களைச் சார்ந்த பயன்பாடாயின், முதற்பயனர் காத்திருக்க நேரிடும். சேவையகம் மறுதொடக்கம் பெறும் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு செயல்முறையிலும் இத்தாமதம் மீண்டும் தோன்றும். இதனைத் தவிர்க்கும் வழியே முன்கூட்டியே ஏற்றுதல்.

தனித்தனிப் பதிவேடுகள்

ஏற்றப்பட்ட நிரல்கூறுகளின் பதிவேட்டை ஒவ்வொரு வரிமொழிமாற்றியும் தனக்கெனத் தனியே வைத்துள்ளது. எனவே ஒன்றில் ஏற்றப்பட்ட பைத்தான் கூறு மற்றொன்றுக்குப் பயன்படாது. வட்டில் சேமிக்கப்பட்ட இடைநிலைக் குறிமுறை பொதுவானதே. எனினும் அதனை இயக்கிக் கூறினை உருவாக்கும் பணி ஒவ்வொன்றிலும் புதிதாக நிகழ்கிறது. சான்றாக, 3 செயல்முறைகளில் தலா 4 வரிமொழிமாற்றிகள் இருப்பின், ஒரே கூறு 12 முறை ஏற்றப்பட்டு, நினைவகத்திலும் 12 இடங்களைப் பிடிக்கும்.

பெயர்ப் பொருத்தம்

முன்கூட்டியே ஏற்றுவதற்கான அமைவுக் கட்டளையில் நிரற்கோப்பின் பாதையுடன் செயல்முறைக் குழு, பயன்பாட்டுக் குழு ஆகிய இரு பெயர்களும் தரப்பட வேண்டும். பயன்பாட்டுக் குழு என்பது வரிமொழிமாற்றியின் பெயரே. பெயர் குறிப்பிடாத பயன்பாட்டிற்குச் சேவையகப் பெயர், பயன்பாடு பொருத்தப்பட்ட பாதை முதலியவற்றைக் கொண்டு ஒரு பெயர் தானாக அமையும். முன்னேற்றக் கட்டளையில் வேறு பெயர் இருப்பின், கூறுகள் யாரும் பயன்படுத்தாத ஒரு வரிமொழிமாற்றியில் ஏற்றப்படும். பிழைச்செய்தி எதுவும் எழாது, நினைவகம் வீணாகும், முதற்கோரிக்கையின் தாமதமும் நீங்காது. ஆகவே, கோரிக்கைகளைக் கையாளும் இடத்தின் பெயரை முதலில் நிலைப்படுத்துதல் வேண்டும்.

சி மொழி நீட்சிகள்

நம்பை போன்ற சி மொழி நீட்சிகள் துணை வரிமொழிமாற்றிகளில் முறையாக இயங்கும் என்பதற்கு உறுதியில்லை. சில நீட்சிகளால் செயல்முறை உறைந்துபோதலும் முறிதலும் நேரலாம். இவற்றை முன்கூட்டியே ஏற்றுவதால் மட்டும் இச்சிக்கல் தீராது. 'குளோபல்' என்னும் சிறப்புப் பெயரால் முதன்மை வரிமொழிமாற்றியைத் தேர்ந்து, ஒவ்வொரு பயன்பாட்டையும் தனிச் செயல்முறைக் குழுவில் அமைப்பதே ஏற்புடைய வழி. 2023இல் வெளிவந்த பைத்தான் 3.12, வரிமொழிமாற்றிக்கொரு பூட்டு என்னும் வசதியை அளித்துள்ளது; ஆயினும் பதிவேடுகள் இன்றும் தனித்தனியே உள்ளன.

பெர்லுடன் ஒப்பீடு

மாட்-பெர்ல், தாய்ச் செயல்முறையிலேயே கூறுகளை ஏற்ற இடமளிக்கிறது. அதிலிருந்து கிளைக்கும் சேய்ச் செயல்முறைகள், மாற்றப்படாத நினைவகப் பக்கங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. மாட்-டபிள்யூஎஸ்ஜிஐ பயன்பாட்டு நிரலைச் சேய்ச் செயல்முறைகளிலேயே ஏற்றுகிறது. தாய்ச் செயல்முறை பெரும்பாலும் முழு அதிகாரமுடைய பயனராக இயங்குவதால், இம்முறை பாதுகாப்பிற்கு உகந்தது. அதற்கு ஈடாக நினைவகச் சிக்கனம் குறைகிறது.

முடிவுரை

முன்கூட்டியே ஏற்றுதல் ஏற்றும் பணியைக் குறைப்பதில்லை. அப்பணியைப் பயனரின் காத்திருப்பு நேரத்திலிருந்து சேவையகத்தின் தொடக்க நேரத்திற்கு மாற்றுகிறது. பணியைக் குறைக்க வேண்டுமாயின் வரிமொழிமாற்றிகளின் எண்ணிக்கையையே குறைத்தல் வேண்டும். ஒரு பயன்பாட்டிற்கு ஒரு செயல்முறைக் குழு, அதன் ஒவ்வொரு செயல்முறையிலும் ஒரே வரிமொழிமாற்றி என்னும் அமைப்பு இவ்விரு நோக்கங்களையும் ஒருங்கே நிறைவேற்றுகிறது.