ஒரு சோறு பதம் போதுமா? – ரப்பரின் வலிமையும் பழுதும் அறியும் முறைகள்

சந்தையில் மண்சட்டி வாங்கும் நம் தாய்மார்கள் அதைக் கையில் ஏந்தி, விரலை மடக்கித் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் வாங்குவார்கள். ஒலி மழுங்கினால் எங்கோ கீறல் இருக்கிறது என்று ஒதுக்கிவிடுவார்கள். சோறு வெந்துவிட்டதா என்று அறிய அவர்கள் கையாளும் முறையோ வேறு. பானையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி.

இவை வெறும் சமையற்கட்டுச் செய்திகள் அல்ல. பாலம் கட்டும் பொறியியல் வல்லுநர்களும் விமானச் சக்கரம் செய்வோரும் தம் பொருள்களைச் சோதிக்கும் முறைகள் இவ்விரண்டு வகைகளுள் அடங்கும். சட்டியைத் தட்டுவது, பொருளை அழிக்காமல் சோதிப்பது. பருக்கையை நசுக்குவது, ஒரு சிறு பகுதியை அழித்து முழுமையை அறிவது. இவற்றுள் எது எதற்குப் பொருந்தும் என்று தெரிந்துகொள்வதே பொருட்சோதனையின் அடிப்படை. ஒரே நீரிலும் ஒரே தீயிலும் வெந்த சோற்றின் பதத்தை ஒரு பருக்கை சொல்லிவிடும். ஆனால் ஒரு சட்டியை உடைத்துப் பார்த்து, பக்கத்துச் சட்டியில் கீறல் உண்டா இல்லையா என்று கூறமுடியாது. பொருளின் இயல்பு கூட்டத்துக்கு உரியது. பழுதோ தனியொன்றுக்கு உரியது. இதனை நம் தோட்டங்களில் பிறந்த ரப்பரைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம்.

கண்ணும் வெளிச்சமும்

ஜொகூரில் இன்று பயணம் செய்வோர் கண்ணில் மிகுதியாகப் படுவது எண்ணெய்ப் பனையே. ஆயினும் குளுவாங், சிகாமட், மூவார் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த முதியோர்க்கு ரப்பர்ப் பாலின் மணம் மறவாது. மங்கில் வடிந்த பால் ஸ்டோருக்கு வந்து, நீர் கலந்து, அமிலம் ஊற்றி உறையவைக்கப்பட்டு, உருளைகளுக்கிடையே தகடாகி, புகைவீட்டில் சில நாள் தொங்கிப் பொன்னிறம் பெறும். அதன்பின் தரம் பிரிப்போர் ஒவ்வொரு தகட்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்கள். காற்றுக் குமிழி, பூஞ்சணம், மரப்பட்டைத் துகள், காயாத வெண்புள்ளி ஆகிய யாவும் ஒளியில் தெரியும். பழுதான இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எறிவார்கள். இவ்வாறு பிரித்த புகைத்தகடுகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை தர எண்கள் உண்டு. மிகச் சிறந்தது ஒன்று எக்ஸ் எனப்பட்டது.

பொருளை அழிக்காமல், ஒளியை ஊடுருவச் செய்து, தகடு தகடாகப் பழுது காணும் முறை இது. மருத்துவமனையில் எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே. எனினும் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. ஒரே நிறமும் ஒரே தெளிவும் உடைய இரு தகடுகளுள் ஒன்று பல்லாண்டு உழைக்கும். மற்றொன்று சில காலத்திலேயே பிசுபிசுத்துப் போகும். செம்பு, மாங்கனீசு ஆகியவற்றின் உப்புகள் மிகச் சிறிதளவு கலந்தாலும், காற்றிலுள்ள பிராணவாயு ரப்பரை விரைந்து தாக்க அவை துணைசெய்யும். ரப்பர் பதனிடும் இடத்தில் செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் ஆகா என்ற கட்டுப்பாட்டுக்குக் காரணம் இதுவே. இந்தக் குறையை வெளிச்சம் காட்டாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை ரப்பர் சந்தையில் பெருகியபோது இந்த எல்லை வெளிப்படையாகத் தெரிந்தது. செயற்கை ரப்பர், தொழிற்சாலையில் அளந்து சோதித்த எண்களோடு வந்தது. இயற்கை ரப்பரோ நிறத்தையும் தெளிவையும் மட்டுமே சான்றாகக் காட்டி நின்றது.

எண்ணால் வந்த மதிப்பு

1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் இதற்கு விடை கண்டது. 1965ஆம் ஆண்டில் எஸ்.எம்.ஆர். எனப்படும் மலேசியத் தர ரப்பர்த் திட்டம் தொடங்கியது. உலகில் இயற்கை ரப்பரைத் தோற்றத்தால் அல்லாமல் ஆய்வுக்கூட அளவுகளால் தரம் பிரித்து விற்ற முதல் திட்டம் இதுவே. தகடாக அன்றி, 33⅓ கிலோகிராம் எடையுள்ள கட்டிகளாக ரப்பர் அனுப்பப்பட்டது. முப்பது கட்டிகள் சேர்ந்தால் ஒரு டன்.

முதற் சோதனை அழுக்கைப் பற்றியது. கட்டிகளிலிருந்து எடுத்த மாதிரியில் 10 கிராம் அளவுள்ள துண்டைச் சூடான கரைப்பானில் கரைத்து, மிக நுண்ணிய சல்லடையில் வடிகட்டுவார்கள். தங்கிய மணலையும் பட்டைத் துகளையும் உலர்த்தி எடை போடுவார்கள். எஸ்.எம்.ஆர். 5 என்ற பெயரிலுள்ள எண்ணே அழுக்கின் வரம்பைக் குறிப்பதுதான், அது 0.05 விழுக்காட்டுக்கு மேற்படலாகாது. கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு முழுக் கட்டியில் 17 கிராமுக்கும் குறைந்த அழுக்கே இருக்கலாம். காலையில் மங்கைத் துடைத்துக் கவிழ்த்து வைத்த தொழிலாளியின் கவனம் இங்கே எண்ணாக வெளிப்படுகிறது என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து, மாதிரியைச் சூளையில் எரித்துச் சாம்பலை எடை போடுவார்கள். அடுப்பில் காயவைத்து, ஈரமாக எவ்வளவு போயிற்று என்று காண்பார்கள். நைட்ரசன் அளவைக் கொண்டு புரதம் எவ்வளவு என்று அறிவார்கள்.

எல்லாவற்றினும் நுட்பமானது, ரப்பர் எவ்வளவு நாள் உழைக்கும் என்பதை முன்கூட்டியே அறியும் சோதனை. சிறிய வில்லையொன்றைச் சூடான இரு தட்டுகளுக்கிடையே அழுத்தி, அது எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்று அளப்பார்கள். அதே ரப்பரின் இன்னொரு வில்லையை 140 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்தபின் மீண்டும் அளப்பார்கள். முதல் அளவு 40 என்றும் பின்னது 30 என்றும் வந்தால், நூற்றுக்கு 75 பங்கு வலு எஞ்சியது என்பது பொருள். எஸ்.எம்.ஆர். 5 வகைக்கு இந்த எண் 60க்குக் குறையக்கூடாது. செம்பு கலந்த ரப்பரும் வெயிலில் நெடுநேரம் கிடந்த ரப்பரும் இந்தச் சோதனையில் தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். கண்ணால் காணமுடியாத குறையை அரைமணி நேர வெப்பம் காட்டிவிடுகிறது.

இவை யாவும் ஒரு சோறு பதம் பார்க்கும் முறைகளே. சோதித்த துண்டு அழிந்துவிடுகிறது. அதன் இயல்பு மற்றக் கட்டிகளுக்குச் சான்றாகிறது.

இழுத்துப் பார்த்தல்

பச்சை ரப்பர் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் ரப்பர் உறுதியும் மீள்தன்மையும் பெறும் என்று கண்டார். அவ்வாறு பக்குவப்படுத்திய பின்னரே அது பொறியியற் பொருளாகிறது.

அதன் வலிமையை அளக்க, நடுவில் ஒடுங்கி இரு முனையிலும் அகன்ற துண்டை வெட்டி, இயந்திரத்தின் இரு பிடிகளில் பொருத்தி, அறும்வரை இழுப்பார்கள். நல்ல இயற்கை ரப்பர் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோகிராம் அளவிலான இழுவையையும் தாங்கும். அறுவதற்குமுன் தன் நீளத்தைப்போல் ஐந்து மடங்குக்கு மேலும் நீளும். மிகுதியாக இழுபடும்போது அதன் நெடிய மூலக்கூறுகள் வரிசையாக அணிவகுத்துப் படிகமாகின்றன. கீறல் விழுந்த இடத்தில்தான் இழுவை மிகுதி. ஆகவே அங்கேதான் இந்த அணிவகுப்பும் மிகுதி. கீறல் மேலும் பரவாமல் ரப்பரே தடுத்துக்கொள்கிறது. விமானச் சக்கரங்களுக்கு இயற்கை ரப்பரையே பெரிதும் நாடுவதற்கு இது ஒரு காரணம்.

மழுங்கிய ஊசியொன்றை அழுத்திக் கடினம் அளப்பதும், சில நாள் சூட்டில் வைத்தபின் மீண்டும் இழுத்துப் பார்ப்பதும், இழுத்த நிலையில் ஓசோன் வாயுவில் வைத்து வெடிப்பு விழுகிறதா என்று காண்பதும் இவ்வகையைச் சேர்ந்த பிற சோதனைகள்.

பாலத்தின் கீழே

இனி, பழுது காணும் முறைக்கு வருவோம். வெயிலில் பாலம் நீளும், இரவில் சுருங்கும். தூணுக்கும் மேற்றளத்துக்கும் இடையே அசைவுக்கு இடந்தரும் ஒரு தாங்கி வேண்டும். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் 1890ஆம் ஆண்டையொட்டி ஓர் இரயில் மேம்பாலத்தின் கீழ் ரப்பர் மெத்தைகளை வைத்தார்கள். ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் எடுத்துப் பார்த்தபோது, மேற்புறத்தில் ஒரு மில்லிமீட்டர் அளவே சிதைந்திருந்தது.

இன்றைய தாங்கியில் ரப்பர் அடுக்குகளுக்கு இடையிடையே எஃகுத் தகடுகள் ஒட்டப்பட்டிருக்கும். தகடுகள் ரப்பரைப் பிதுங்கவிடாமல் பிடிப்பதால் அது பெரும் பாரத்தைத் தாங்கும். பக்கவாட்டிலோ எளிதில் அசைந்து கொடுக்கும். இங்கிலாந்தின் லிங்கன் நகரிலுள்ள பெல்ஹாம் பாலத்தில் 1957ஆம் ஆண்டில் இயற்கை ரப்பர்த் தாங்கிகள் பொருத்தப்பட்டன. 1985இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஒரு நீதிமன்றக் கட்டடமே இத்தகைய தாங்கிகள்மேல், நிலநடுக்கத்தைத் தாங்கும்படி எழுப்பப்பட்டது. 2014இல் திறக்கப்பட்ட பினாங்கின் இரண்டாவது பாலமும் இவற்றின்மேல்தான் நிற்கிறது.

இங்கே ஒரு சோறு பதம் போதாது. ஆயிரம் தாங்கிகளுள் ஒன்றில் மட்டும் தகடு சரியாக ஒட்டாமல் போயிருக்கலாம். அல்லது தகடு சாய்ந்திருக்கலாம். பக்கத்துத் தாங்கியை அறுத்துப் பார்த்து அதை அறியவியலாது. எஃகு என்றால் செவிக்கெட்டாத ஒலியை உள்ளே செலுத்தி, விரிசலிலிருந்து வரும் எதிரொலியைக் கேட்கலாம். மண்சட்டியைத் தட்டும் முறையின் வளர்ந்த வடிவம் அது. ஆனால் தடித்த ரப்பர் ஒலியைத் தானே விழுங்கிவிடும். ஆகவே தாங்கியைப் பெரிய அழுத்தப் பொறியில் வைத்துப் பாரம் ஏற்றுவார்கள். எஃகுத் தகடுகளுக்கிடையே ரப்பர் வரிவரியாகப் பிதுங்கும். வரிகள் ஒரே சீராக இருந்தால் உள்ளே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று கொள்ளலாம். ஓரிடத்தில் இரு வரிகள் ஒன்றாகிப் பருத்திருந்தால் அங்கே தகடு விட்டுப்போயிற்று என்று அறியலாம். பாரத்தை இறக்கியதும் நல்ல தாங்கி பழைய நிலைக்கு மீளும். அதுவே பாலத்துக்கும் போகும்.

லாரிச் சக்கரங்களுக்கு எக்ஸ் கதிர் உண்டு. உள்ளேயிருக்கும் எஃகு இழைகளின் வரிசை அதில் தெரியும். அடுக்குகள் பிரிந்திருக்கின்றனவா என்று அறிய, காற்று நீக்கிய அறையில் சக்கரத்தை வைத்து லேசர் ஒளியால் பார்ப்பார்கள். காற்றழுத்தம் குறைந்ததும் பிரிந்த இடம் மயிரிழை அளவு உப்பும். ஒளி அதைக் காட்டிவிடும்.

குளிரில் ஒரு வளையம்

வலிமையும் இருந்து, பழுதும் இல்லாமல், பொருள் கைவிடுவதும் உண்டு. 1986 ஜனவரி 28ஆம் நாள் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் புறப்பட்ட 73 வினாடிகளில் சிதறியது. பள்ளி ஆசிரியை ஒருவர் உள்ளிட்ட ஏழுபேர் மாண்டனர். ராக்கெட்டின் இணைப்புகளில் வாயு கசியாதபடி பொருத்திய செயற்கை ரப்பர் வளையம், அன்றைய கடுங்குளிரில் மீள்தன்மை குன்றிப்போயிற்று. அதற்குமுன் மிகக் குளிரான நாளில் ஏவியபோது வெப்பநிலை சுமார் 12 டிகிரி. அன்றோ சுமார் 2 டிகிரி. குளிர் பற்றிப் பொறியியல் வல்லுநர்கள் முந்திய நாளே எச்சரித்தும் அது ஏற்கப்படவில்லை.

விசாரணைக் குழுவிலிருந்த இயற்பியல் அறிஞர் ரிச்சர்ட் ஃபைன்மன், அந்த ரப்பரில் ஒரு துண்டைப் பிடிப்பானில் நெருக்கி, பனிக்கட்டி போட்ட ஒரு குவளை நீரில் அமிழ்த்தினார். வெளியே எடுத்துத் தளர்த்தியபோது அது உடனே விரிந்து கொடுக்கவில்லை. சோதனைக்கு வேண்டியவை ஒரு குவளையும் ஒரு பிடிப்பானுமே. பொருள் எந்த நிலையில் உழைக்கப்போகிறதோ அந்த நிலையில் வைத்துச் சோதிக்கவேண்டும் என்பதை உலகம் அன்று கண்டது.

வகுப்பறையில்

ஆசிரியர்கள் இவற்றைச் செலவின்றி மாணவர்க்குக் காட்டலாம். ஒரே அளவுள்ள ரப்பர் வளையங்கள் சிலவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஆணியில் மாட்டி, சிறு பையைத் தொங்கவிட்டு, அதில் ஐம்பது ஐம்பது கிராமாக எடை சேர்த்து, நீளத்தை அளந்து வரைபடம் போடச் சொல்லுங்கள். பிறகு இரண்டு வளையங்களைச் சன்னலுக்கு வெளியே வைக்கலாம். ஒன்றை மரச்சட்டத்தில் இழுத்து மாட்டுங்கள். மற்றொன்றைத் தளர்வாக விடுங்கள். நாளடைவில் இழுத்து வைத்ததன்மேல் குறுக்கே நுண்ணிய வெடிப்புகள் காணும். தளர்ந்ததில் அவ்வாறு காணாது. ஏன் என்ற வினாவை மாணவரே எழுப்புவர்.

எங்கே ஒரு சோறு பதம் போதும், எங்கே ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்கவேண்டும் என்று பகுத்தறியும் பழக்கம் மாணவர்க்கு வந்துவிட்டால் அறிவியற் பாடத்தின் பயன் கிட்டியதாகும். ஆசிரியராகிய நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வகுப்பின் சராசரி மதிப்பெண் வகுப்பின் நிலையைச் சொல்லும். கடைசி வரிசையில் எழுத்துக் கூட்டத் திணறும் ஒரு பிள்ளையின் நிலையைச் சொல்லாது. அப்பிள்ளையைத் தனியே அழைத்து, பக்கத்தில் அமர்த்தி, படிக்கச் சொல்லிக் கேட்டால்தான் அது தெரியும்.