பழைய நாளிதழில் பின்னுவோம் அழகுக் கூடை

பினாங்கில் வீட்டுக் குப்பையைத் தரம் பிரிக்கும் கொள்கை 2016 ஜூன் மாதம் தொடங்கியது. பாயான் லெப்பாஸ் அடுக்குமாடி வீட்டிலோ மாணவர் விடுதியிலோ அப்படிப் பிரித்து வைத்த நாளிதழ்களில் ஒரு கட்டு இருந்தால் போதும். எழுதுகோல், குறிப்பேடு, கைப்பேசிக் கம்பி ஆகியவற்றை வைக்க அழகிய கூடை தயார். வெள்ளைப் பசைக்கும் சாயத்திற்கும் மட்டுமே செலவு.

தாளை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். சாத்தே குச்சியை ஒரு மூலையில் சாய்வாக வைத்து இறுக்கமாகச் சுருட்டி, முனையை ஒட்டிக் குச்சியை உருவுங்கள். தட்டையான தாள் எளிதில் மடங்கும்; குழலாகச் சுருட்டிய தாள் பாரம் தாங்கும். கூடையின் பலமே இதில்தான் இருக்கிறது.

இரண்டு வட்ட அட்டைகளுக்கு இடையே 17 குழல்களைச் சம இடைவெளியில் ஒட்டுங்கள். நடுவில் பால்மாவு டின்னை வைத்து, குழல்களை மேல்நோக்கி மடக்குங்கள். இன்னொரு குழலை ஒன்றுக்கு முன்னும் அடுத்ததற்குப் பின்னுமாகப் பின்னுங்கள். நீளம் போதாவிட்டால் குழலின் வாய்க்குள் அடுத்ததைச் செருகலாம்.

ஏன் 17? ஒற்றைப்படை எண்ணாக இருந்தால்தான் ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றுக்கு எதிராக மாறி விழுந்து பின்னலை இறுக்கும்.

பின்னி முடித்ததும் மிஞ்சிய முனைகளை உட்புறம் செருகி, சாயம் பூசுங்கள். நம் ஊர் ஈரக்காற்றில் தாள் நமத்துப்போகும். எனவே நீர் கலந்த பசையை இருமுறை பூசிக் காயவிடுங்கள்.

முதல் கூடை சற்றுக் கோணலாக வந்தாலும் கவலை வேண்டாம், மாணவர்களே. அடுத்ததில் கை பழகிவிடும்.